ஆர்த்தோட்டிஸ்ட் பயிற்சிக்கான நிதியுதவி

கால் கேலிப்பர், முதுகுப் பட்டை, கழுத்து காலர், கை ஸ்பிளின்ட் முதலிய தாங்கு கருவிகளை அளவெடுத்துச் செய்து பொருத்தும் வல்லுநர் ஆர்த்தோட்டிஸ்ட் எனப்படுகிறார். இவர்களின் படிப்புக்கும் பணிக்காலத் தொடர்கல்விக்கும் அரசுகளும் கொடை அமைப்புகளும் வேலை தரும் நிறுவனங்களும் வழங்கும் பண உதவியின் வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது. இழந்த கை காலுக்கு மாற்று செய்பவர் பிராஸ்தெட்டிஸ்ட். இருக்கும் உறுப்பைத் தாங்கவும் திருத்தவும் கருவி செய்பவர் ஆர்த்தோட்டிஸ்ட். பல நாடுகளில் இரண்டும் ஒரே படிப்பாகவே நடத்தப்படுகின்றன. இப்படிப்புக்கான பணம் பெரும்பாலும் போரில் உறுப்பிழந்தவர்களை முன்னிட்டே வந்தது. போலியோ, பக்கவாதம், மூளை முடக்குவாதம் ஆகியவற்றால் நடை தளர்ந்தோருக்கான ஆர்த்தோட்டிக்ஸ், அந்தப் பணத்தை ஒட்டியே வளர்ந்தது.

பயிற்சியின் தன்மை

இத்தொழிலைப் புத்தகத்தால் மட்டும் கற்பிக்க முடியாது. பாதம் தொங்கும் ஒருவருக்குக் கணுக்கால் தாங்கி செய்வதை எடுத்துக்கொள்ளலாம். பாதத்தைச் சரியான கோணத்தில் பிடித்துக்கொண்டு காலில் மாவுக்கட்டுத் துணியைச் சுற்றி அச்சு எடுக்க வேண்டும். அந்த அச்சில் மாவை ஊற்றிக் காலின் வடிவை வார்த்து, எலும்பு உறுத்தும் இடங்களில் மாவைக் கூட்டியும், அழுத்தம் தாங்கும் இடங்களில் குறைத்தும் செதுக்க வேண்டும். பிறகு சூடாக்கி இளகிய பாலிபுரொப்பிலீன் தகட்டை அதன்மேல் போர்த்தி, இடையிலுள்ள காற்றை உறிஞ்சி எடுத்தால் தகடு வடிவோடு ஒட்டிப் படியும். விளிம்பைக் கணுக்கால் எலும்பு முனைக்கு முன்னால் வெட்டினால் தாங்கி விறைப்பாக நிற்கும். பின்னால் வெட்டினால் வளைந்து கொடுக்கும். யாருக்கு எங்கே வெட்டுவது என்று முடிவு செய்ய உடற்கூறும் நடை ஆய்வும் தெரிந்திருக்க வேண்டும். பட்டறை, கருவிகள், மூலப்பொருள், மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்க்கும் வாய்ப்பு ஆகிய அனைத்தும் தேவைப்படுவதால் பயிற்சி செலவு மிக்கது. மாணவர் தொகையோ எங்கும் சிறியது. கட்டணத்தை மட்டும் நம்பி இத்தகைய பள்ளியை நடத்துவது கடினம் என்பதால் வெளிநிதி இன்றியமையாததாயிற்று.

போர்க்கால நிதி

பட்டறையில் குருவிடம் பல ஆண்டுகள் இருந்து கற்பதே பழைய முறை. இரண்டாம் உலகப் போர் அதை மாற்றியது. 1945-இல் அமெரிக்காவில் தேசிய அறிவியல் கழகத்தின் வழியே செயற்கை உறுப்பு ஆய்வுத் திட்டம் தொடங்கியது. புதிதாகக் கண்டறிந்ததைப் பட்டறைக்காரர்களுக்குக் கற்பிக்க வேண்டிய தேவையும் கூடவே எழுந்தது. 1948-இல் தொழிலுக்கான சான்றளிப்பு வாரியம் அமைந்தது. 1950-களில் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம், நியூயார்க் பல்கலைக்கழகம், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் குறுகிய காலப் பயிற்சிகள் தொடங்கின. தொழில்சார் மறுவாழ்வுச் சட்டத்தில் 1954-இல் செய்த திருத்தம் மறுவாழ்வுப் பணியாளர் பயிற்சிக்குக் கூட்டரசு மானியம் தர வழிவகுத்தது.

பிற்காலத்தில் அமெரிக்கக் கல்வித் துறையின் மறுவாழ்வுப் பிரிவு இத்துறைக்கு நீண்டகாலப் பயிற்சி மானியங்களை வழங்கியது. உதவித்தொகை பெற்றுப் படித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஈடாக இரண்டு ஆண்டுகள் மறுவாழ்வுத் துறையில் பணியாற்ற வேண்டும். தவறினால் பணத்தைத் திருப்பிச் செலுத்த வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

பிரிட்டனில் 1972-இல் கிளாஸ்கோவின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் தேசியப் பயிற்சி மையம் அமைந்தது. 1980-களில் பட்டயப் படிப்பு பட்டப்படிப்பாக உயர்ந்தது.

பன்னாட்டுத் தரம்

பயிற்சியின் தரத்தை வரையறுக்க ஐக்கிய நாடுகள் அவை 1968-இல் டென்மார்க்கின் ஹோல்ட்டே நகரில் கருத்தரங்கு நடத்தியது. 1970-இல் கோபன்ஹேகனில் பன்னாட்டுச் செயற்கை உறுப்பு மற்றும் ஆர்த்தோட்டிக்ஸ் சங்கம் (ஐஎஸ்பிஓ) உருவானது. பயிற்சி பெற்றோரை அது மூன்று நிலைகளாக வகுத்துப் பள்ளிகளை மதிப்பிட்டு அங்கீகரித்தது. எந்தப் பள்ளிக்குப் பணம் தருவது, யாரை எங்கே அனுப்பிப் படிக்க வைப்பது என்று முடிவு செய்யக் கொடையாளர்களுக்கு இந்த அங்கீகாரம் அளவுகோலாக அமைந்தது. 2017-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட தரநிலைகள், பயிற்சியை நாட்டின் சுகாதாரத் திட்டத்தோடு இணைக்க வேண்டும் என்று வலியுறுத்தின.

வளரும் நாடுகளில் கொடை நிதி

தான்சானியாவின் மோஷியில் 1981-இல் ஜெர்மன் அரசின் உதவியோடு தொடங்கிய டாட்காட் மையம், ஆங்கிலம் பேசும் ஆப்பிரிக்க நாடுகளுக்குப் பொதுப் பள்ளியானது. கண்ணிவெடிகளால் சிதைந்த கம்போடியாவில், பிரிட்டனின் கம்போடியா டிரஸ்ட் 1994-இல் புனோம்பென்னில் பள்ளி தொடங்கியது. ஜப்பானின் நிப்பான் அறக்கட்டளை தென்கிழக்கு ஆசியப் பள்ளிகளுக்கு முக்கியக் கொடையாளராக விளங்கியது. செஞ்சிலுவைப் பன்னாட்டுக் குழு 1979 முதல் மறுவாழ்வு மையங்களை நடத்தி, உள்ளூர் பணியாளர்களுக்கும் பயிற்சி அளித்துவருகிறது. 1997-இன் கண்ணிவெடித் தடை ஒப்பந்தம், பாதிக்கப்பட்டோரின் மறுவாழ்வுக்கு உதவுமாறு இயன்ற நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

இலங்கையில் சுகாதார அமைச்சும் கம்போடியா டிரஸ்டும் சேர்ந்து 2004-இல் பள்ளி தொடங்கின. அதற்கும் நிப்பான் அறக்கட்டளை நிதி தந்தது.

இந்தியா

மும்பை ஹாஜி அலியில் 1955-இல் அமைந்த அகில இந்திய உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிறுவனமும், 1978-இல் கொல்கத்தாவில் தொடங்கிய, உடல் இயக்கக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனமும் மத்திய அரசின் பணத்தில் இயங்குபவை. தமிழகத்தில் வேலூரை அடுத்த கரிகிரி தொழுநோய் ஆய்வு மையம், உணர்விழந்த பாதங்களைப் புண்ணிலிருந்து காக்கும் காலணி செய்வோருக்குப் பயிற்சி அளித்தது. பெங்களூரில் 1994-இல் தொடங்கிய மொபிலிட்டி இந்தியா, கொடை நிதியின் துணையோடு அண்டை நாட்டு மாணவர்களுக்கும் கற்பித்தது.

1992-ஆம் ஆண்டின் சட்டத்தால் சட்டபூர்வத் தகுதி பெற்ற இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், இத்தொழிலுக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. பதிவைப் புதுப்பிக்கத் தொடர்கல்விப் புள்ளிகள் தேவை. கருத்தரங்கு நடத்தும் நிறுவனங்களுக்குக் கவுன்சில் உதவி வழங்கியதுண்டு.

தொடர்கல்வியும் நிதிச் சிக்கலும்

பட்டம் பெற்றபின் கற்பதற்கான நிதி எல்லா நாடுகளிலும் பிந்தியே வந்தது. பிரிட்டனில் 1997-இல் இத்தொழில் சட்டப் பதிவுக்குள் வந்தது. பின்னர் தொடர்கல்வி பதிவின் நிபந்தனையாயிற்று. தேசிய சுகாதார சேவையின் செவிலியர், மருத்துவச்சிகள், துணை மருத்துவத் தொழிலர் ஒவ்வொருவருக்கும் மூன்று ஆண்டுகளில் 1,000 பவுண்டு பயிற்சி நிதியை இங்கிலாந்து அரசு 2019-இல் அறிவித்தது. ஆர்த்தோட்டிஸ்டுகள் துணை மருத்துவத் தொழிலரில் அடங்குவர். மாணவர்களுக்கு 2020 முதல் ஆண்டுக்கு 5,000 பவுண்டு மானியம் கிடைக்கிறது. ஆள் பற்றாக்குறை உள்ள துறை என்பதால் இப்படிப்புக்குக் கூடுதலாக 1,000 பவுண்டும் உண்டு.

கொடை நிதி திட்டக் காலத்தோடு முடிந்துவிடும். ஆசிரியர் சம்பளமும் மூலப்பொருள் செலவும் முடிவதில்லை. கருவிக்கு ஒதுக்கும் பணம் அதைச் செய்யும் கையின் பயிற்சிக்குப் போய்ச் சேராததும் பழைய குறை. இந்தியாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக 1981 முதல் நடக்கும் ஏடிஐபி என்ற அரசுத் திட்டம் கருவிகளை வழங்குவதை முதன்மையாகக் கொண்டது. இப்போது முப்பரிமாண ஸ்கேனரும் அச்சிடலும் மாவு அச்சின் இடத்தைப் பிடித்துவருவதால், முன்பே தகுதி பெற்றவர்களும் மீண்டும் கற்க வேண்டியுள்ளது. வேலை தருபவரோ அரசோ செலவை ஏற்காத இடங்களில், அவர்கள் சொந்தப் பணத்திலும் விடுப்பிலுமே கற்க நேர்கிறது.