ஹிட்ச்கொக் ஏற்க மறுத்த இசை

1966 ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஹொலிவூட்டின் கோல்ட்வின் கலையகத்தில் இசைப்பதிவொன்று இடைநடுவில் நிறுத்தப்பட்டது. பதிவு செய்யப்பட்டுக் கொண்டிருந்தது அல்பிரட் ஹிட்ச்கொக்கின் ஐம்பதாவது படமான 'டோர்ன் கேர்ட்டின்' என்ற திகில் படத்துக்கான இசை. நிறுத்தியவர் ஹிட்ச்கொக். இசையமைத்தவர் பேர்னார்ட் ஹேர்மன். பத்தாண்டுகளுக்கும் மேலாக இணைந்து பணியாற்றிய அவ்விருவரும் அதன் பின்னர் எந்தப் படத்திலும் ஒன்றுசேரவில்லை.

நியூயோர்க்கில் 1911 இல் பிறந்த ஹேர்மன், வானொலி நாடகங்களுக்கு இசையமைத்துப் பழகியவர். ஒர்சன் வெல்ஸ் 1941 இல் 'சிற்றிசன் கேன்' படத்தை எடுத்தபோது அவரையே அழைத்தார். ஹிட்ச்கொக்குடனான உறவு 1955 இல் 'த ட்ரபிள் வித் ஹரி' படத்துடன் ஆரம்பமானது. 'வேர்ட்டிகோ' (1958), 'நோர்த் பை நோர்த்வெஸ்ட்' (1959), 'சைக்கோ' (1960) ஆகியவை அந்த உறவின் உச்சங்கள். 'பேர்ட்ஸ்' (1963) படத்தில் பின்னணி இசையே கிடையாது. ஆயினும் பறவைகளின் ஒலிகளை வடிவமைப்பதில் ஹேர்மன் ஆலோசகராக இருந்தார்.

'சைக்கோ' பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பின்னர் நேர்ந்த பிணக்கின் வேர் அங்கேதான் இருக்கிறது. குளியலறைக் கொலைக் காட்சிக்கு இசை வேண்டாம் என்பது ஹிட்ச்கொக்கின் கட்டளை. தண்ணீர் விழும் ஓசையும் அலறலும் போதும் என்று அவர் நினைத்தார். ஹேர்மன் கேட்கவில்லை. தாளவாத்தியமோ குழல்வாத்தியமோ இன்றி நரம்பு வாத்தியங்களை மட்டும் கொண்டு முழுப் படத்துக்கும் இசையமைத்தார். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கறுப்பு வெள்ளை ஒலி என்பது அவரது விளக்கம். கொலைக் காட்சிக்கும் எழுதி வைத்தார். கேட்டதும் ஹிட்ச்கொக் தன் கருத்தை மாற்றிக் கொண்டார். கத்தியைப் போலக் குத்தும் அந்த வயலின் கீச்சொலியை, படத்தைப் பார்க்காதவர்களும் இன்று அறிவார்கள்.

மீறினால் வெற்றி என்ற பாடத்தை ஹேர்மன் அன்று கற்றுக்கொண்டார் போலும். அது ஒருமுறைதான் பலிக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

1964 இல் வெளியான 'மார்னி' எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. காலம் மாறிவிட்டது, இளைஞர்கள் வேறு இசையைக் கேட்கிறார்கள், தட்டில் விற்கக்கூடிய பாட்டொன்று வேண்டும் என யூனிவர்சல் நிறுவனத்தார் நெருக்கினர். (பாட்டு வேண்டும் என்ற தயாரிப்பாளரின் பிடிவாதம் தமிழ்ப்பட உலகுக்கு மட்டும் உரியதல்ல.) 'டோர்ன் கேர்ட்டின்' படத்துக்குப் புதிய தலைமுறைக்கு ஏற்ற தாளமுள்ள இசை வேண்டும் என்று ஹிட்ச்கொக் 1965 இன் இறுதியில் ஹேர்மனுக்குத் தந்தி மூலம் வலியுறுத்தினார். ஹேர்மனும் சம்மதிப்பது போலவே பதில் அனுப்பினார்.

ஆனால் அவர் எழுதியது வேறு. 12 புல்லாங்குழல்கள், 16 ஹோர்ன்கள், 9 ட்ரொம்போன்கள், 2 டியூபாக்கள், 8 செலோக்கள், 8 டபிள் பேஸ்கள். இவற்றுடன் பெருமுரசுகள். வயலின் ஒன்றுகூட இல்லை. இரும்புத்திரைக்கு அப்பாலுள்ள கிழக்கு ஜேர்மனியில் நடக்கும் கதைக்கு, இரும்பை உருக்கி வார்த்தது போன்ற ஓர் இசை. பதிவுக்கூடத்துக்கு வந்த ஹிட்ச்கொக் முகப்பிசையைக் கேட்டார். பொப் இசை எங்கே என்பதே அவரது கேள்வி. வாத்தியக்காரர் முன்னிலையிலேயே பதிவு இரத்துச் செய்யப்பட்டது. ஜோன் அடிசன் என்ற ஆங்கிலேயர் புதிய இசையை எழுதினார். அது கேட்க இனிமையானது. படம் முடிந்ததும் மறந்துவிடுவது.

இதில் ஹிட்ச்கொக் பக்கம் நியாயமே இல்லை எனச் சொல்லிவிட முடியாது. பண்ணை வீட்டுச் சமையலறையில் குரோமெக் என்ற உளவாளியைக் கொல்லும் நீண்ட காட்சி படத்தில் உண்டு. ஒரு மனிதனைக் கொல்வது எவ்வளவு கடினம் என்று காட்ட விரும்பினார் இயக்குநர். இங்கும் இசை வேண்டாம் என்றார், இங்கும் ஹேர்மன் எழுதினார். ஹேர்மனின் இசையைச் சேர்த்த அக்காட்சியைப் படத்தின் டிவிடியில் பார்க்கலாம். இசை பிரமாதம். ஆயினும் மூச்சிரைப்பும் பாத்திரங்கள் விழும் சத்தமும் மட்டுமே கேட்கும் அந்த மௌனம்தான் அதிகம் உலுக்குகிறது. முகப்பிசை விடயம் வேறு. அதை இழந்தது படத்துக்கே நட்டம்.

ஹேர்மன் பின்னர் லண்டனில் குடியேறினார். அவரை மதித்து அழைத்தவர்கள், ஹிட்ச்கொக்கைக் குருவாகக் கொண்ட இளையவர்கள் என்பது விந்தையே. பிரான்சிலிருந்து த்ரூபோ, அமெரிக்காவிலிருந்து பிரையன் டி பால்மா, பிறகு மார்ட்டின் ஸ்கோர்செஸி. ஸ்கோர்செஸியின் 'டக்ஸி ட்றைவர்' இசைப்பதிவை 1975 டிசம்பர் 23 ஆம் திகதி முடித்த ஹேர்மன், அன்றிரவு உறக்கத்திலேயே காலமானார். ஹிட்ச்கொக் 1980 இல் மறைந்தார்.

1991 இல் 'கேப் பியர்' படத்தை ஸ்கோர்செஸி மீண்டும் எடுத்தார். 1962 இல் வெளியான மூலப் படத்துக்கு ஹேர்மன் எழுதிய இசையைப் புதிய படத்துக்குப் பொருத்தும் பணி எல்மர் பேர்ன்ஸ்டீனிடம் ஒப்படைக்கப்பட்டது. அதில் அவர் 'டோர்ன் கேர்ட்டின்' இசையிலிருந்தும் சில பகுதிகளைச் சேர்த்தார். கால் நூற்றாண்டுக்கு முன் இடைநடுவில் நிறுத்தப்பட்ட அந்த இசை அவ்வாறுதான் திரையரங்குகளில் ஒலித்தது.