சதுரங்கக்காரர்கள் இருவர்

கதைகளில் வரும் அசடுகளில் இரண்டு வகை உண்டு. எது பெரிது, எது சிறிது என்றே அறியாதவர்கள் ஒரு வகை. அவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். எல்லாம் அறிந்திருந்தும், பெரியதைத் தரையில் போட்டுவிட்டுச் சிறியதைத் தலைமேல் தூக்கி வைத்துக் கொள்கிறவர்கள் மற்றொரு வகை. இவர்களைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் சிரிப்பு பாதியில் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. பிரேம்சந்த் 1924-ல் எழுதிய ‘சத்ரஞ்ச் கே கிலாடி’ என்ற கதையில் வரும் இரண்டு பிரபுக்கள் இந்த இரண்டாவது வகை. சதுரங்கம் ஆடுகிறவர்கள் என்பதுதான் தலைப்பின் பொருள்.

நவாப் வாஜித் அலி ஷா காலத்து லக்னோவில் கதை நடக்கிறது. ஊரே கேளிக்கையில் மூழ்கிக் கிடக்கிறது. காடைச் சண்டை, கௌதாரிச் சண்டை, அபின், பாட்டு. மிர்சா சஜ்ஜாத் அலியும் மீர் ரோஷன் அலியும் ஜாகீர்தார்கள். உழைத்துச் சாப்பிட வேண்டிய அவசியம் இல்லை. காலையில் பலகையை விரித்தால் பொழுது போனதே தெரியாது.

ஒரு நாள் மிர்சாவின் மனைவிக்குத் தலைவலி. ஆளுக்கு மேல் ஆள் அனுப்பியும் அவர் எழுந்து வரவில்லை. கடைசியில் அந்த அம்மாள் தானே வந்து பலகையைக் கவிழ்த்துக் காய்களை விட்டெறிகிறாள். ஆட்டம் மீர் வீட்டுக்குக் குடி பெயர்கிறது. அங்கே ஒரு குதிரை வீரன் வந்து, அரண்மனையிலிருந்து அழைப்பு என்கிறான். சண்டைக்குக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று பயந்து, இருவரும் விடிவதற்கு முன்பே கோமதி ஆற்றைத் தாண்டி, ஒரு பாழ் மசூதியில் போய் உட்கார்ந்து ஆடுகிறார்கள். அவர்கள் கண்ணெதிரிலேயே கம்பெனிப் பட்டாளம் லக்னோவை நோக்கிப் போகிறது. பிறகு அதே பட்டாளம் நவாபைச் சிறைப்பிடித்துக்கொண்டு திரும்புகிறது. மிர்சாவுக்கு நவாபின் நினைவு வந்து மனம் உருகுவது, பலகையில் தாம் தோற்றுக்கொண்டிருக்கும்போதுதான்! முதலில் உங்கள் ராஜாவைக் காப்பாற்றிக் கொள்ளுங்கள் என்கிறார் மீர்.

அன்று மாலை ஒரு காயை நகர்த்தியதில் தகராறு. பேச்சு முற்றிக் குலம் கோத்திரம் வரையில் போகிறது. வாள்கள் உறையை விட்டு வெளிவருகின்றன. இருவரும் வெட்டிக்கொண்டு சாகிறார்கள். தேசத்து அரசனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர்கள் பலகையின் மேல் இருந்த மந்திரிக்காக உயிரை விட்டார்கள்.

இவர்களைக் கோழைகள் என்று சொல்லிக் கதையை மூடிவிடுகிறவர்கள் உண்டு. பிரேம்சந்த் அப்படிச் சொல்லவில்லை. கோழை வாளை உருவமாட்டான்; உருவினாலும் சாகும் வரை நின்று போராடமாட்டான். வீரம் இருந்தது, அதைச் செலவிட வேண்டிய இடம்தான் தவறிப்போயிற்று. ஏன் தவறிற்று என்று கேட்டால் கதையை விட்டுச் சரித்திரத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

நமது பழைய பாடப் புத்தகங்களில் அயோத்தி ராஜ்யம் என்று படித்தோமே, அதுதான் லக்னோ நவாபுகளின் ராஜ்யம். 1801-ல் வெல்லெஸ்லி பிரபு அப்போதைய நவாப் சாதத் அலி கானிடம் ஓர் உடன்படிக்கை எழுதி வாங்கினார். ஏறக்குறையப் பாதி ராஜ்யம் கம்பெனிக்குப் போயிற்று. மீதிப் பாதியைக் காக்கும் பொறுப்பும் கம்பெனிப் பட்டாளத்துடையது. நவாப் தம் சொந்தப் படையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ராஜ்ய நிர்வாகத்திலும் கம்பெனியின் யோசனையைக் கேட்டு நடக்க வேண்டும். 1819-ல் காஜி உத்தீன் ஹைதர் ‘ராஜா’ என்ற பட்டம் சூட்டிக்கொண்டார். கம்பெனி அதைத் தடுக்கவில்லை. பட்டத்தைக் கொடுத்துப் பட்டாளத்தை எடுத்துக்கொள்வது லாபமான வியாபாரம் அல்லவா?

இப்படி 55 வருஷங்கள். மூன்று தலைமுறைப் பிரபுக்கள் இடுப்பில் வாளைத் தொங்கவிட்டுக்கொண்டு, அதற்கு வேலையே இல்லாமல் வளர்ந்தார்கள். வேலை இல்லாத வாள் துருப்பிடிக்கும், அல்லது பக்கத்து வீட்டுக்காரன் மேல் பாயும். மிர்சாவும் மீரும் பலகையைத் தேடிப் போனார்கள் என்பது பாதி உண்மை. அதற்கு முன்பே அவர்கள் காலடியிலிருந்த நிலத்தை ஒருவர் மெல்ல உருவிக்கொண்டிருந்தார் என்பது மற்றப் பாதி.

வாஜித் அலி ஷா 1847-ல் பட்டத்துக்கு வந்தார். பாட்டு, நாட்டியம், கவிதை மூன்றிலும் தேர்ந்தவர். ஆண்ட தொடக்கத்தில் படைகளைச் சீர்திருத்துவதிலும் அக்கறை காட்டினார் என்று பழைய லக்னோவைப் பற்றி எழுதிய அப்துல் ஹலீம் ஷரர் சொல்லுகிறார். அந்த அக்கறை நிலைக்கவில்லை. ரெஸிடெண்டாக இருந்த ஸ்லீமன் 1849, 1850-ல் ராஜ்யம் முழுவதும் சுற்றி, நிர்வாகச் சீர்கேட்டை விஸ்தாரமாக எழுதி வைத்தார். ஆனால் ராஜ்யத்தை அப்படியே விழுங்கிவிடக் கூடாது என்பதும் அவர் கட்சி. டல்ஹௌஸி பிரபு குற்றச்சாட்டை எடுத்துக்கொண்டார், எச்சரிக்கையை விட்டுவிட்டார்.

1856 பிப்ரவரி 4-ந் தேதி புதிய ரெஸிடெண்ட் ஔட்ரம் உடன்படிக்கையை நீட்டினார். ராஜா எதிர்க்கவில்லை. தம் பீரங்கிகளை முன்பே இறக்கி வைக்கச் சொல்லியிருந்தார். தலைப்பாகையைக் கழற்றி ஔட்ரம் கையில் கொடுத்தார். கையெழுத்து மட்டும் போடமாட்டேன் என்றார். மூன்று நாள் கழித்து, 7-ந் தேதி, ராஜ்யம் கம்பெனியின் வசமாயிற்று. 10-ந் தேதி இலங்கைக்கருகே கடலில் ஸ்லீமன் உடல்நலம் கெட்டு, ஊர் திரும்பும் கப்பலிலேயே இறந்துபோனார்.

பிரேம்சந்த் சரித்திரத்தை இங்கே கொஞ்சம் சுருக்கியிருக்கிறார். நவாபை அன்றைக்கே யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. மார்ச் மாதத்தில் அவரே நியாயம் கேட்கக் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார். சிறைவாசம் அடுத்த வருஷம் வந்தது. ஒரு மாலைப் பொழுதுக்குள் ராஜ்யமும் இரண்டு உயிர்களும் போக வேண்டும் என்பது கதையின் தேவை. கதைக்காரனுக்கு அந்தச் சலுகை உண்டு.

இடம் தெரியாமல் காயை நகர்த்தியவர் டல்ஹௌஸியுந்தான். கம்பெனியின் வங்காளப் பட்டாளத்துச் சிப்பாய்களில் பெரும் பகுதியினர் அயோத்திக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். அவர்கள் வீட்டுக் கூரையைப் பிடுங்கிவிட்டு, அவர்கள் தோளில் துப்பாக்கியையும் விட்டு வைத்தார்! 1857-ல் லக்னோ பற்றி எரிந்தது. தலைப்பாகையை வாங்கிய அதே ஔட்ரம், முற்றுகையிலிருந்த ரெஸிடென்ஸியை மீட்க, குண்டு மழைக்கு நடுவில் அந்த ஊருக்குத் திரும்பி வர வேண்டியிருந்தது.

அப்போது ஊரை நடத்தியவர் யார்? கணவரோடு கல்கத்தா போகாமல் லக்னோவில் தங்கிவிட்ட பேகம் ஹஸ்ரத் மஹல். சிறுவனான தம் மகன் பிர்ஜிஸ் காதரைப் பட்டத்தில் அமர்த்திப் போராடினார். 1858 மார்ச்சில் லக்னோ விழுந்த பிறகும் சரணடையவில்லை. நேபாளத்தில் அடைக்கலம் புகுந்து, 1879-ல் காத்மாண்டுவில் காலமானார். ராஜாவின் தாயார் மலிகா கிஷ்வர், கோஷாவில் வாழ்ந்த ஸ்திரீ, விக்டோரியா ராணியிடம் முறையிட லண்டன் வரையில் போய், 1858-ல் பாரிஸில் உயிர் நீத்தார். பிரேம்சந்தின் கதையிலும் பலகையைக் கவிழ்த்தவள் ஒரு பெண்தான் என்பதை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். ஆண்கள் எல்லாரையும் சூழ்நிலை கெடுத்துவிட்டது என்று நாம் சொல்லும் சமாதானம், அதே சூழ்நிலையில் இருந்த இந்தப் பெண்களுக்கு முன்னால் நிற்கவில்லை.

கதை எழுதப்பட்ட வருஷத்தையும் கவனிக்க வேண்டும். 1921-ல் கோரக்பூரில் காந்தியடிகளின் பேச்சைக் கேட்டு, பிரேம்சந்த் சர்க்கார் உத்தியோகத்தை விட்டார். மனைவி மக்கள் உள்ளவர். கையில் பெரிய சொத்து கிடையாது. மறு வருஷம் ஒத்துழையாமை இயக்கம் நிறுத்தப்பட்டது. நாடு சோர்ந்து கிடந்தது. அந்தச் சோர்வில்தான் இந்தக் கதை பிறந்தது. செத்துப்போன இரண்டு ஜாகீர்தார்களைத் திட்டுவதற்காக ஒருவர் 1924-ல் பேனாவை எடுக்கவில்லை. நீ இப்போது எந்தப் பலகையின் முன் உட்கார்ந்திருக்கிறாய் என்று உயிரோடிருப்பவனைக் கேட்டார்.

1977-ல் சத்யஜித் ராய் இதைப் படமாக எடுத்தபோது முடிவை மாற்றினார். இருவரும் சாகவில்லை, சண்டை ஓய்ந்து மறுபடி ஆட உட்காருகிறார்கள், இந்த முறை இங்கிலீஷ்காரர் விதிப்படி. அதில் மந்திரி இருந்த இடத்தில் ராணி. சாவதைவிட இது கொடுமை என்று எனக்குத் தோன்றுகிறது. வெட்டிக்கொண்டு செத்தவர்களுக்குக் கடைசி விநாடியிலாவது ரத்தம் சூடேறிற்று. மற்றவர்களுக்கு ஆட்டம் நிற்கவே இல்லை; ஆட்டத்தின் சட்டத்தை எழுதுகிறவர்தான் மாறினார்.