'நைஸ்' என்றொரு சொல்

'கடி' என்னும் ஒரு சொல்லுக்குப் பத்துப் பொருள் கூறினார் தொல்காப்பியர். ஒரு சொல் பல பொருளுக்கு உரியதாய் வருவது தமிழர்க்குப் புதிதன்று. ஆயினும், பல பொருளையும் ஒருங்கே தாங்கும் சொல் வேறு; ஒரு பொருளைக் கைவிட்டு மற்றொன்றைப் பற்றி, அதனையும் கைவிட்டு, இறுதியில் பொருளே மெலிந்து நிற்கும் சொல் வேறு. இவ்விரண்டாம் வகைக்கு, ஆங்கிலேயர் நாள்தோறும் வழங்கும் 'நைஸ்' என்னும் சொல் தக்க சான்றாகும். கவிதை எழுதுவோரும் கேட்போரும் கூடியுள்ள நம் வட்டத்தார் அதன் வரலாற்றை அறிதல் நன்று.

இச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. அறிதலைக் குறிக்கும் வினையோடு எதிர்மறை முன்னொட்டுச் சேர்ந்து பிறந்த 'நெஸ்கியுஸ்' என்னும் சொல்லுக்கு 'அறியாதவன்' என்பது பொருள். அறிவியலைக் குறிக்கும் 'சயின்ஸ்' என்னும் சொல்லும் அதே வினையினின்று தோன்றியதே. ஒரு குடியில் பிறந்த இரு சொற்களுள் ஒன்று அறிவையும் மற்றொன்று அறியாமையையும் குறித்தன!

1066-ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், அரசவையிலும் வழக்கு மன்றத்திலும் பிரெஞ்சு மொழி அரியணை ஏறியது. அம்மொழியின் வாயிலாக, 1300-ஆம் ஆண்டினையொட்டி, 'நைஸ்' ஆங்கிலத்துள் புகுந்தது. பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கவிஞர் சாசரின் காலத்தில் ஒருவனை 'நைஸ்' என்றால், அவனை மூடன் என்று ஏசியதாகப் பொருள்படும்.

வசைச்சொல் மெல்ல மெல்ல நிறம் மாறியது. மூடத்தனத்தைக் குறித்தது, பின் ஒழுக்கத் தளர்ச்சியைக் குறித்தது; அதன்பின் கூச்சத்தையும், எதிலும் குறைகாணும் நொய்மையையும், மென்மையையும் குறித்தது; பதினாறாம் நூற்றாண்டில் நுட்பத்தையும் துல்லியத்தையும் குறிக்கலாயிற்று. 'ரோமியோவும் ஜூலியட்டும்' நாடகத்தில் சேக்சுபியர் இச்சொல்லை 'அற்பமானது' என்ற பொருளிலும் ஆண்டுள்ளார். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு நூல்களில் ஆசிரியர் எப்பொருளைக் கருதினார் என்று துணிவது பல இடங்களில் கடினம் என்று ஆக்ஸ்போர்டு பேரகராதியே ஒப்புக்கொள்கிறது.

1755-இல் சாமுவேல் ஜான்சன் தம் அகராதியை வெளியிட்டபோது, துல்லியமும் நுணுக்கமுமே இச்சொல்லுக்குத் தலையாய பொருள்களாக இருந்தன. மொழியை மாறாமல் நிறுத்திவிடலாம் என்று தொடக்கத்தில் நம்பிய அவர், அது மனிதரால் ஆகாது என்பதை அந்நூலின் முன்னுரையிலேயே எழுதினார். அவர் சொன்னது விரைவில் மெய்யாயிற்று. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் 'இனிய', 'நல்ல' என்னும் பொதுப்பொருள் இச்சொல்லின்மேல் ஏறியது. ஜேன் ஆஸ்டின் மறைந்தபின், 1817-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த 'நார்தாங்கர் அபே' என்னும் புதினத்தில், புத்தகம் ஒன்றை இச்சொல்லால் புகழும் இளம்பெண்ணை ஹென்றி டில்னி கேலி செய்கிறான். நாளும் 'நைஸ்', நடையும் 'நைஸ்', மங்கையரும் 'நைஸ்' என்றால், அச்சொல் எதைத்தான் சொல்கிறது என்பதே அவன் கேலியின் சாரம்.

இன்று தேநீருக்கும், வானிலைக்கும், அண்டை வீட்டாருக்கும் இதே சொல். மிக நுட்பமான வேறுபாட்டைச் சுட்டும் அறிஞர் தொடர்களில் மட்டும் பழைய பொருள் உயிரோடிருக்கிறது.

நம் பேச்சுத் தமிழுக்கு வந்த 'நைஸ்' வேறு வழியில் நடந்தது. 'மாவை நைஸாக அரை' என்கிறாள் தாய். 'நைஸாக நழுவிவிட்டான்' என்கிறோம். 'நைஸ் பண்ணிக் காரியம் முடித்தான்' என்கிறோம். முதலாவதில் நுண்மை, இரண்டாவதில் ஓசையின்மை, மூன்றாவதில் குழைவான தந்திரம். ஆங்கிலேயரின் அன்றாடப் பேச்சில் பின்தங்கிவிட்ட நுண்மைப் பொருள் நம் அடுக்களையில் வாழ்கிறது எனலாம்.

சொற்கள் இழிவதும் உயர்வதும் தமிழிலும் உண்டு. நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' இன்று தீநாற்றத்தைக் குறிக்கிறது. கள்ளுண்ட மயக்கத்தைச் சுட்டிய 'களிப்பு' தூய மகிழ்ச்சியாக உயர்ந்தது. ஆனால் இழிதலினும் உயர்தலினும் அஞ்சத்தக்கது தேய்தல். இழிந்த சொல்லும் ஏதோ ஒன்றைச் சொல்லும். தேய்ந்த சொல் ஒன்றையும் சொல்லாது.

இதனை நான் நூலில் மட்டும் கற்கவில்லை. கவியரங்கம் ஒன்றில் பாடி முடித்த இளைஞர் ஒருவரிடம், வழக்கம்போல், "அருமை!" என்றேன். அவர் பணிவோடு, "எந்த வரி ஐயா?" என்று கேட்டார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. 'அருமை' என்பது அரிதாயிருக்கும் தன்மை, எளிதில் கிட்டாதது. கேட்ட கவிதைகளுக்கெல்லாம் அச்சொல்லை வழங்கினால், அரியது என்பதே இல்லாமற் போகும். மெய்யாகவே அரியதொரு கவிதை பிறக்கும் நாளில் அதற்குச் சூட்டச் சொல்லும் இராது.

'நைஸ்' என்னும் சொல்லைத் தேய்த்தவர் பகைவரல்லர். பழகிய நாவினால் பாராட்டிய நல்லவர்களே. பத்தாண்டு நிறைவுறும் இவ்வேளையில் நம் வட்டம் ஒரு சிறு நோன்பு மேற்கொள்ளலாம். இனி ஒரு கவிதையைப் புகழுமுன் அதன் எந்த வரி, எந்தச் சொல் நம்மைத் தொட்டது என்று சொல்வோம். அவ்விளைஞரின் கேள்விக்கு நான் தரவேண்டிய விடையும் அதுவே.