பழைய வெள்ளித் தேநீர்க் கலங்கள்

தேநீர் இன்று ஏழைக்கும் செல்வருக்கும் பொதுவான பானம். அச்சங்குளம் போன்ற நம் கரிசற்காட்டு ஊர்களிலும் கடை வாசலில் நின்றபடியே கண்ணாடித் தம்ளரில் அதனை அருந்துகிறோம். ஆயின், முன்னொரு காலத்தில் அது பூட்டிவைத்துக் காக்கப்பட்ட அரும்பொருளாக விளங்கியது. அக்காலத்தின் சாட்சிகளே பழைய வெள்ளித் தேநீர்க் கலங்கள். அவற்றைத் தேடித் திரட்டுவோர் வெள்ளியை மட்டும் சேர்ப்பதில்லை, வரலாற்றையும் சேர்க்கின்றனர்.

பதினேழாம் நூற்றாண்டில் தேயிலை சீனத்திலிருந்து இங்கிலாந்து சென்றது. 1670 ஆம் ஆண்டில் பார்க்லி பிரபு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒரு வெள்ளித் தேநீர்க் கெண்டியை வழங்கினார். இன்று இலண்டன் விக்டோரியா-ஆல்பர்ட் காட்சிச்சாலையில் உள்ள அதன் உருவம் காப்பிக் கூசாவை ஒத்திருக்கிறது. தேநீருக்கெனத் தனிவடிவம் அன்று தோன்றவில்லை. தேயிலைச் செப்புக்குப் பூட்டும் சாவியும் இருந்தன. அச்செப்பின் ஆங்கிலப் பெயரான 'காடி' என்பது, 'கத்தி' என்னும் மலாய் நிறுத்தலளவையிலிருந்து பிறந்தது. 1784 இல் பிரிட்டிஷ் அரசு தேயிலை வரியைப் பெரிதும் குறைத்தது. பிறகே அப்பானம் எளியோர் இல்லங்களிலும் பரவியது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சென்னையில் 1849 இல் நிறுவப்பெற்ற பி. ஆர் அண்டு சன்ஸ் நிறுவனம், கடிகாரங்களோடு வெள்ளிக் கலங்களுக்கும் புகழ்பெற்றது. கெண்டி, பாற்குவளை, சர்க்கரைக் கிண்ணம் ஆகியவற்றின்மேல் நம் கோயிற் சிற்பங்களைப்போலத் தெய்வ உருவங்கள் புடைத்து நின்றன. ஐரோப்பியர் இதனைச் 'சாமி வேலை' என்றே அழைத்தனர். 1875-76 இல் இந்தியாவுக்கு வந்த வேல்ஸ் இளவரசர் பெற்ற பரிசுகளுள் இவ்வகைக் கலங்களும் இருந்தன.

இவ்வேலை எளிதன்று. வெள்ளித் தகட்டை அரக்குக் கலவையின்மீது பதித்துப் பின்புறமிருந்து சிறு உளிகளால் தட்டி உருவத்தை எழுப்புவர். பின்னர் முன்புறத்தில் நுண்மை சேர்ப்பர். வெள்ளி வெப்பத்தை விரைந்து கடத்துமாதலின், கைப்பிடியின் இடையே தந்தத் துண்டுகளைப் பொருத்தியதும் உண்டு.

கலத்தின் அடியைத் திருப்பிப் பார்ப்பதே சேகரிப்போரின் முதற்பாடம். ஆங்கில வெள்ளியில் சிங்க முத்திரை தரத்தைக் காட்டும். ஆயிரத்தில் 925 பங்கு தூய வெள்ளி என்பது அதன் பொருள். ஆண்டெழுத்து காலத்தை உணர்த்தும். அக்கால இந்திய வெள்ளியிலோ இத்தகைய அரசு முத்திரை கிடையாது. பெரும்பாலும் கடையின் பெயரே இருக்கும். கட்சு நாட்டுப் புஜ் நகரத்தில் உமர்சி மாவ்ஜி என்னும் கைவினைஞர் தம் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்தார். அதனால் உலகம் அவரை அறிகிறது. சென்னைக் கலங்களில் கடையின் பெயர் நிலைத்தது; உளி பிடித்த கம்மியரின் பெயர் பதியப்படவில்லை. அவருடைய கைத்திறன் ஒன்றே அவருக்குக் கையெழுத்து.

அக்கையெழுத்தும் அழிந்துவருகிறது. வெள்ளியின் விலை ஏறுந்தோறும் பழங்கலங்கள் எடைக்கு விற்கப்பட்டு உருக்கப்படுகின்றன. உருக்கினால் வெள்ளி மிஞ்சும், வேலை மிஞ்சாது. 2008 இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், அறிஞர் வித்யா தெஹெஜியாவின் முயற்சியால் இந்திய வெள்ளிக் கலங்களின் காட்சி நடைபெற்றது. அயல்நாட்டார் ஒருவரின் சேகரிப்பே அதற்கு அடிப்படையாயிற்று. நம் கம்மியர் செய்ததைக் காண நாம் கடல் கடந்து செல்லவேண்டியிருப்பது சிந்திக்கத்தக்கது.

மாணவர்களே! சிவகாசி மண்ணுக்குக் கந்தகம் புதிதன்று. காற்றிலுள்ள கந்தக வாயுக்களே வெள்ளியைக் கறுக்கச் செய்கின்றன. கறுப்பைப் போக்க அழுந்தத் தேய்த்தால் நுண்வேலையும் தேய்ந்துவிடும். மெல்லிய துணியே போதும். நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972 ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆனால் வீட்டுப் பரணிலிருந்து உருக்குலைக்குச் செல்வதைத் தடுக்கச் சட்டத்தால் இயலாது. பழைய கலம் ஒன்று உங்கள் கண்ணிற்படுமாயின், அதன் எடையைக் கேட்குமுன் அடியைத் திருப்பிப் பாருங்கள்; பொறிப்பைப் படியெடுத்துக் குறித்துவையுங்கள். பெயரறியாக் கைவினைஞருக்கு நாம் செய்யக்கூடிய நன்றி அதுவே.