பைன் மரத்தின் வைக்கோல் கச்சை

ஜப்பானின் பழைய தோட்டங்களில் வசந்தத்துக்கு முந்திய துப்புரவு என்பது பைன் மரங்களின் இடுப்பில் கட்டிய வைக்கோல் பாயை அவிழ்ப்பதும்தான். கொமோமாகி என்னும் இவ்வழக்கம் எடோ காலத்தில் (1603–1868) பிரபுக்களின் தோட்டங்களில் வேரூன்றியது. குளிருக்குப் போர்த்திய கம்பளி போலத் தெரிந்தாலும் அது ஒரு பொறி. பைன் இலை தின்னும் கம்பளிப்புழு குளிர்காலத்தில் மரத்திலிருந்து இறங்கும்; வழியில் கதகதப்பான வைக்கோலுக்குள் ஒடுங்கும். நவம்பர் தொடக்கத்தில் கட்டிய பாயை, பூச்சிகள் விழிக்கும் பருவமெனப் பழைய நாட்காட்டி குறித்த மார்ச் 6ஐ ஒட்டி அவிழ்த்து எரித்தார்கள்.

இந்தக் கணக்கு பாதிதான் சரி. ஜப்பானின் ஹிமேஜி கோட்டையில் பைன் மரங்களுக்குக் கட்டிய பாய்களைப் பிரித்து ஆராய்ந்தபோது கம்பளிப்புழுக்கள் சொற்பமாகவே இருந்தன; சிலந்தி முதலான, பூச்சிகளை வேட்டையாடும் உயிர்களே மிகுதி. நெருப்பு காவலாளிகளையே அழித்திருக்கிறது. முன்னூறு ஆண்டு அனுபவம் பொய்க்குமா என்று கேட்கலாம். அனுபவம் புழுவைக் கண்டது உண்மை. ஆனால் பிரிக்காமல் எரித்த பாய்க்குள் வேறு என்ன இருந்தது என்பதை அது காண வழியில்லை. வழக்கத்தையே கைவிட வேண்டியதில்லை என்பது என் கருத்து. பாயை விரித்து, புழுவைப் பொறுக்கிவிட்டு, சிலந்தியை மரத்தடியிலேயே விட்டுவிடலாம்.