முடிவிலிருந்து பின்னோக்கி வாசித்தல்: கிறிஸ் கார்னெல் குறித்து ஒரு மறுமதிப்பீடு

2017 மே 18 அன்று, டெட்ராய்ட்டில் சவுண்ட்கார்டன் குழுவின் நிகழ்ச்சி முடிந்த சில மணி நேரத்தில் அதன் பாடகர் கிறிஸ் கார்னெல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்கு வயது 52. அதன்பின் அவரைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி, முடிவை முதலில் வைத்துக்கொண்டு முப்பதாண்டுப் பாடல்களில் அதன் முன்னறிகுறிகளைத் தேடுகிறது. இத்தகைய வாசிப்பு அவருடைய கலையை மறைத்துவிடுகிறது என்பதே என் வாதம்.

1994இல் வெளியான சவுண்ட்கார்டனின் ‘சூப்பர் அன்னோன்’ தொகுப்பை எடுத்துக்கொள்வோம். அதன் இறுதிப் பாடலின் தலைப்பு ‘லைக் சூயிசைட்’. இன்று பலர் அதை ஒப்புதல் வாக்குமூலமாகக் கேட்கிறார்கள். பாடல் பிறந்ததோ, அவர் வீட்டுச் சன்னலில் மோதிக் குற்றுயிராய்க் கிடந்த ஒரு பறவையிலிருந்து. ‘தி டே ஐ ட்ரைட் டு லிவ்’ பாடலும் இப்படியே திரிக்கப்பட்டது. தனிமையை விட்டு வெளியேறி மற்றவர்களைப்போல் வாழ முயல்வதைப் பற்றிய பாடல் அது என்று கார்னெலே விளக்கியிருந்தார். மனச்சோர்வும் போதைப் பழக்கமும் அவரை வாட்டியது உண்மை. பாடல்களில் இருள் இருப்பதும் உண்மை. ஆனால் நோயின் வரலாற்றைச் சொல்லிவிட்டால் பாடலை விளக்கியதாகாது.

விளக்க வேண்டியது அவருடைய இசையமைப்பை. குழுவின் தொடக்கத்தில் டிரம்ஸ் வாசித்தபடியே பாடியவர் அவர். தாளத்தின்மீது குரலைச் சாய்த்து நிறுத்தும் திறமைக்கு வேர் அங்கேதான் என்று கருதுகிறேன். ‘ஸ்பூன்மேன்’ ஏழு எண்ணிக்கையிலும் ‘ஃபெல் ஆன் பிளாக் டேஸ்’ ஆறிலும் நகர்கின்றன. மிஸ்ர சாபு தாளம் பழகிய காதுக்கு ஏழு புதிதல்ல. நான்கிலேயே ஊறிய அமெரிக்க வானொலியில் அது ஒலித்ததுதான் வியப்பு. கணக்கு தெரியாதபடி மெட்டு அதைச் சுமந்து சென்றது. 1996இல் நாட்டுப்புற இசைப் பாடகர் ஜானி கேஷ் சவுண்ட்கார்டனின் ‘ரஸ்டி கேஜ்’ பாடலைத் தம் முதிர்ந்த குரலில் பாடியபோது, கிரஞ்ச் ராக்கின் இரைச்சல் நீங்கியும் பாடல் நின்றது.

இறந்த கலைஞரை எப்படி நினைவுகூர்வது என்ற கேள்விக்குக் கார்னெலே ஒரு முறையைக் காட்டியிருக்கிறார். மதர் லவ் போன் குழுவின் பாடகரும் அவருடைய அறைத்தோழருமான ஆண்ட்ரூ வுட், 1990 மார்ச்சில் ஹெராயினுக்குப் பலியானார். அந்தத் துயரில் கார்னெல் எழுதிய இரு பாடல்களிலிருந்தே ‘டெம்பிள் ஆஃப் தி டாக்’ தொகுப்பு வளர்ந்தது. 1991 ஏப்ரலில் அது வெளிவந்தபோது சியாட்டிலுக்கு வெளியே கவனித்தவர் குறைவு; அதில் பங்கேற்றோரின் குழுக்களான பேர்ல் ஜாமும் சவுண்ட்கார்டனும் புகழடைந்த பிறகே பரவலாக விற்றது. பதினொரு நிமிடம் நீளும் ‘ரீச் டவுன்’ பாடலில் வுட் தம் பகட்டான மேடைக் கோலத்திலேயே வருகிறார். கார்னெல் நண்பரை அனுதாபப் பொருளாகச் சுருக்கவில்லை, பாடகராகவே நிறுத்துகிறார்.

கார்னெலின் இடத்தை வரையறுக்க முற்படும் ஆய்வு இந்தத் தொகுப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்பேன். ஆடியோஸ்லேவ் குழுவில் அவர் பாடிய ஆண்டுகளையும், தயாரிப்பாளர் டிம்பலேண்டுடன் சேர்ந்து 2009இல் அவர் செய்த, என் கணிப்பில் தோற்றுப்போன ‘ஸ்க்ரீம்’ முயற்சியையும் அது இசையாகவே எடைபோட வேண்டும்.