சிறகில் பிடித்த தீ

1832-ல் பாரிஸ் ஓபராவில் மேரி தாலியோனி ‘லா சில்ஃபீட்’ ஆடிய பிறகு பாலேயின் போக்கே மாறிவிட்டது. கால்விரல் நுனியில் நின்று, தரையில் பட்டும் படாமலும் நகரும் காற்றுத் தேவதை அவர். காலில் மெல்லிய சாட்டின் காலணி. நுனியில் ஊசிநூலால் நெருக்கிப் போட்ட தையல். இன்றைய காலணியில் இருக்கும் கெட்டியான முனை அதில் கிடையாது. உடம்பின் பாரம் முழுவதும் விரல்களிலும் கணுக்காலிலும் இறங்கியது. கணுக்கால் சுளுக்கு, பாத எலும்பில் மயிரிழை முறிவு என்று பாலே கலைஞர்களை இன்றும் விடாமல் துரத்தும் தொல்லைகளில் இந்த விரல்நுனி ஆட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தக் காலத்தில் உயிரையே குடித்தது பாவாடை.

பனிமூட்டம்போலத் தெரிய வேண்டும் என்று அடுக்கடுக்காக மெல்லிய துணி. பக்கத்திலேயே திறந்த சுடரோடு காஸ் விளக்கு. இழைகளுக்கு நடுவே காற்று நிறைந்த துணி, ஒரு பொறி பட்டாலே மொத்தமும் பற்றிக்கொள்ளும். 1844 டிசம்பரில் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் கிளாரா வெப்ஸ்டர் பார்வையாளர் கண்முன்னே தீப்பிடித்து, சில நாளில் இறந்தார். 1861-ல் ஃபிலடெல்ஃபியாவில், உடைமாற்றும் அறையில் பற்றிய தீ பல நடனப் பெண்களைக் கொண்டுபோனது.

தடுக்க வழி இருந்தது. கார்தரோன் என்பவரின் ரசாயனக் கரைசலில் நனைத்த துணி எளிதில் தீப்பிடிக்காது. 1859-ல் பிரெஞ்சு அரசு அதைக் கட்டாயமாக்கியது. ஆனால் நனைத்த துணி விறைத்தது, வெண்மை மங்கியது. இளம் பாலே கலைஞர் எம்மா லிவ்ரி அதை உடுத்த மறுத்தார். என்ன நேர்ந்தாலும் பொறுப்பு தன்னுடையது என்று 1860-ல் எழுதியும் கொடுத்தார். அதே ஆண்டு தாலியோனி அமைத்த ‘லெ பாப்பியோன்’ பாலேயில் லிவ்ரிதான் வண்ணத்துப்பூச்சி. கதைப்படி, பந்தத்தின் சுடரில் சிறகு கருகும்.

1862 நவம்பர் 15, ஒத்திகை. முறைக்குக் காத்திருந்த லிவ்ரி, உட்காரும்போது கசங்கக் கூடாதென்று பாவாடையை உதறித் தூக்கினார். காஸ் சுடர் தொட்டது. எரிந்தபடியே மேடைக்குள் ஓடினார். ஓட ஓடத் தீ வளர்ந்தது. தீயணைப்பாளர் ஒருவர் போர்வையால் மூடி அணைத்தார். எட்டு மாத வேதனைக்குப் பின் 1863 ஜூலை 26-ல் இறந்தபோது அவருக்கு வயது 20.

அவரைப் பிடிவாதக்காரி என்று சொல்வது அநியாயம். மிதக்கும் பெண்ணைப் பார்க்கத்தான் கூட்டம் காசு கொடுத்தது. திறந்த சுடருக்கு அருகே ஆட வைத்தவர்களின் பொறுப்பை ஒரு பதின்வயதுப் பெண்ணின் கையெழுத்து தீர்த்துவிடாது.

அந்த ஒத்திகை நடந்த லெ பெல்த்தியே அரங்கும் 1873 அக்டோபரில் எரிந்து அழிந்தது. லிவ்ரியின் உடையில் மிஞ்சிய கருகிய துண்டுகள் பாரிஸ் ஓபராவின் நூலக அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன.